மறுப்பு பலவீனம்

மூன்று பேர் கூடி உட்கார்ந்து ஒரு கட்டுரையைத் திருத்திய வரலாறு இது. கட்டுரை பிழைக்கவில்லை. அவர்கள் பிழைத்தார்களா என்பது கேட்பவர் மனசைப் பொறுத்தது.

பூவராகனுக்குப் படிப்பின் மேல் மரியாதை அதிகம். அதனாலேயே அதன் பக்கத்தில் போக மாட்டான். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. விடுதியில் அவனோடு ஒரே அறையில் தில்லைநாயகமும் அமலதாசும். மூவருக்கும் சேர்த்து ஒரே கொள்கைதான்: பெரியவர்கள் சொன்னால் சொன்னபடி செய்துவிடுவது. யோசித்து அதைக் கெடுக்கக் கூடாது.

பேராசிரியை மங்கையர்க்கரசி அந்தப் பருவத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். விடுதலையான அடிமை ஒருவர் எழுதிய பழைய துண்டறிக்கையின் மொழிபெயர்ப்பைக் கொடுத்து, எதிராளியின் வாதத்தை அவர் எப்படி மறுக்கிறார் என்று ஆராய வேண்டும். அந்த மனிதர் கெட்டிக்காரர். 'எங்கள் ஆட்கள் வயலில் பாடுகிறார்கள், ஆகவே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்று முதலாளி சொல்வதை முதலில் அப்படியே எடுத்து வைக்கிறார். பிறகு, 'அவ்வளவு மகிழ்ச்சி என்றால், ஐயா, சங்கிலியை விற்று ஒரு மேளம் வாங்கித் தந்திருக்கலாமே?' என்று கேட்கிறார்.

பூவராகன் ராவும் பகலும் ஆராய்ந்து இப்படி எழுதினான்: 'அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்ததை ஆசிரியரே தம் கைப்பட எழுதியிருக்கிறார். ஆகவே அவரும் ஒத்துக்கொள்கிறார். மேளம் வாங்கித் தராதது மட்டுமே அவருக்குள்ள குறை.'

மற்ற இருவரும் அதையே எழுதினார்கள். காப்பி என்று தெரியக் கூடாது என்பதற்காகத் தில்லைநாயகம் மேளத்தை நாதஸ்வரமாக மாற்றியிருந்தான்.

மூன்று கட்டுரைகளும் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தராவிட்டால் மதிப்பெண் பூஜ்யம், பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டும் கிடையாது. பட்டமளிப்புப் படம் மாட்டப் பூவராகனின் அப்பா வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருந்தார்.

மூன்றிலும் ஒரே குறிப்புகள் என்பதால், மூவரும் சேர்ந்து ஒரே கட்டுரையாகத் திருத்த உட்கார்ந்தார்கள். முதல் குறிப்பு: 'ஒரு பத்தி போதாது. இன்னும் நான்கு பத்தியாவது வேண்டும்.'

"ஒரு பத்தியா? நாம ஏத்தவே இல்லையேடா" என்றான் அமலதாஸ்.

"பக்கத்து ரூம்ல ஏத்தினது அடிச்சிருக்கும். மேடத்துக்கு மூக்கு ஷார்ப்பு" என்றான் பூவராகன்.

மல்லிகையா சந்தனமா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. வரலாற்றுப் பாடத்துக்குச் சந்தனமே பொருத்தம் என்று முடிவானது. கட்டுரையை மேஜையில் வைத்து, முன்னால் நான்கு பத்தி கொளுத்தினார்கள். புகையைப் பார்த்து எதிர் அறைக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"யாருக்குடா என்ன ஆச்சு?"

"கட்டுரைக்கு."

அவனும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனான்.

அடுத்த குறிப்பு: 'சொந்தக் கருத்து எங்கே?'

"சொந்தம்னா அப்பா வழியா, அம்மா வழியா?" என்றான் தில்லைநாயகம்.

"ரெண்டுலயும் கேட்டுடுவோம். அப்புறம் குறைன்னு சொல்லக் கூடாது."

பூவராகன் சித்தப்பாவுக்குப் போன் போட்டான். "அடிமை முறை சரியா தப்பா, சித்தப்பா?"

"எந்த ஊர்ல?"

"வெளிநாட்டுல. அந்தக் காலத்துல."

"நமக்கு எதுக்குடா வம்பு? அவங்களும் பாவம், இவங்களும் பாவம்னு எழுதிடு."

அமலதாசின் பெரியம்மா, அந்த ஆட்களுக்குச் சாப்பாடு போட்டார்களா என்று மட்டும் கேட்டார். தில்லைநாயகத்தின் மாமா, இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய ஆள் ஓடிவிட்டான், தேடிப் போகிறேன் என்று போனை வைத்தார். மூன்றையும் பெயர், உறவுமுறை, கைப்பேசி எண்ணோடு பூவராகன் அழகாக எழுதினான்.

மூன்றாவது குறிப்பு: 'முதலாளியின் வாதத்தை ஆசிரியர் தலைகீழாகத் திருப்புகிறார். அதைக் காட்டுக.' இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாளைத் தலைகீழாகப் பிடித்து முதலாளியின் வாதத்தை எழுதினார்கள். படித்துப் பார்த்த அமலதாசுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"இவ்வளவு கஷ்டப்பட்டுத்தான் அந்த மனுஷன் எழுதியிருக்காரு, பாவம்" என்று தைலம் தேடினான்.

கடைசிக் குறிப்புதான் மூவரையும் உலுக்கியது: 'மறுப்பு பலவீனம். மறுப்பில் உறுதி வேண்டும். அதுவே இக்கட்டுரையின் உயிர்.'

பூவராகன் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். யாரையும் எதற்கும் மறுத்து அவனுக்குப் பழக்கமில்லை. மெஸ்ஸில் மூன்றாம் முறை உப்புமா வைத்தாலும் வாங்கிக்கொள்கிறவன். ஆனால் மேடம் சொல்லிவிட்டாரே.

வெள்ளிக்கிழமை மூவரும் துறை அறையில் வரிசையாகப் போய் நின்றார்கள்.

"கட்டுரை எங்கப்பா?" என்றார் மேடம்.

"தர முடியாதுங்க, மேடம்" என்றான் பூவராகன். குரல் நடுங்கவில்லை.

"என்னது?"

"மறுப்புங்க, மேடம். உறுதியா இருக்கா?"

"விளையாடுறீங்களா? குடுங்க இப்படி!"

"மாட்டோம்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். அமலதாஸ் மட்டும் கழுத்து திரும்பாததால் ஜன்னலைப் பார்த்து மறுத்தான்.

மேடம் எழுந்து, பூவராகன் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தார். சந்தன வாசம் வந்தது. நடுவில் பத்தி சுட்ட ஓட்டை. அதன் வழியே அவனுடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது. சித்தப்பாவின் கருத்தைப் படித்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பினார். திரும்பத் திருப்பினார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்ப்பா, சொன்னதை எல்லாம் அப்படியே செய்வீங்களா? ஒருத்தர் காலில கிடந்த சங்கிலியைக் கழட்டிப் போட்டுட்டு வந்து எழுதினதைப் படிச்சுட்டு, இப்படி வந்து நிக்கிறீங்களே! இனிமே யார் சொல்றதுக்கும் கீழ்ப்படியாதீங்க. என் சொல்லுக்கும்தான். உங்களுக்குப் பரிபூரண விடுதலை. போங்க!"

மூவரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

"விடுதலைங்கிறாங்களே, வாயால சொன்னா செல்லுமா?" என்றான் தில்லைநாயகம்.

"செல்லாது. எழுத்துல வாங்கணும்" என்றான் பூவராகன்.

பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து, இரண்டு கையாலும் ஒரு விண்ணப்பத்தை மேடத்திடம் நீட்டினான். அதில் எழுத்துப் பிழையே இல்லை:

'மதிப்பிற்குரிய அம்மா, இன்று முதல் நாங்கள் யாருக்கும் கீழ்ப்படியாமல் இருக்கத் தாங்கள் அன்புகூர்ந்து அனுமதி அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவர்கள்.'