பட்டுக்குக் கிடைத்த தண்டனை

செங்காட்டூரை ஆண்ட வீரகேதனருக்கு, முடிசூட்டிய அன்று போர்த்திய வெண்பட்டு என்றால் உயிர். தினமும் காலையில் அதைக் கிழக்குச் சன்னலில், மரச்சட்டங்களை ஒட்டி இழுத்துக் கட்டிவைக்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் வழக்கம்.

அந்த வருட விழாவில், சபை நடுவே, அரசர் அதை எடுத்துத் தோளில் போட்டார். லேசாக இழுத்துவிட்டார். பட்டு நான்கு இடத்தில் பிளந்தது. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அது அரசர் காதில் விழுந்துவிட்டது. உடைகளைக் காக்கும் அங்கம்மையைக் கூப்பிட்டார்.

“கத்தி வைத்தாயா?”

“ஊசிகூட வைத்ததில்லை, மகாராஜா.”

“பின்னே தானாகவா கிழிந்தது? பட்டைக் கெடுத்த இவளை, வெயிலே படாத இருட்டறையில் பத்து வருடம் போடுங்கள்.”

கோபத்தில் ஏறிவிட்டால் இறங்க நம் எல்லோருக்கும் ஏணி தேவைப்படுகிறது. அந்தச் சபையில் ஏணிக்கு அம்பலக்கூத்தன் என்று பெயர். அரசரோடு வாதாடத் துணிந்த ஒரே அவைக்காரர். அவர் பட்டை வாங்கிப் போய்ச் சன்னலில் பிடித்துக் காட்டினார்.

“இங்கே வந்து பாருங்கள், அரசே. சட்டம் மறைத்த இடமெல்லாம் இன்னும் வெள்ளை. இடைவெளியில் வெயில் பட்ட இடமெல்லாம் பழுப்பு. கிழிசல் நான்கும் பழுப்பில்தான்.”

பழுப்பை விரலால் தேய்த்தார். தூளாக உதிர்ந்தது.

“பட்டு ஒரு புழுவின் உடம்பிலிருந்து வந்தது. தினமும் வெயிலில் காய்ந்தால் நூல் உள்ளுக்குள்ளேயே துண்டு துண்டாக அறுந்துவிடும். வெளியே தெரியாது. ஒருநாள் தொட்டால் போதும்.”

“வெயில்தான் கெடுத்தது என்கிறாய்.”

“வெயிலிடம் பட்டைக் கொண்டுபோய்க் கட்டச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லட்டுமா?”

இந்த முறை யாரும் இருமவில்லை.

“வேண்டாம்,” என்றார் அரசர். குரல் இறங்கியிருந்தது. “ஆனால் தீர்ப்பைச் சொல்லிவிட்டேனே. மாற்றினால் என்னை யார் மதிப்பார்கள்?”

“எதற்கு மாற்ற வேண்டும்? தீர்ப்பு அருமை. ஆள்தான் மாறிப்போயிற்று. இருட்டறையில் பட்டைப் போடுங்கள்.”

“ஈரமில்லாத அறையாகப் பாருங்கள்,” என்றாள் அங்கம்மை.

அரசர் சிரித்துவிட்டார். “பட்டுக்கும் பத்து வருடம்தானா?”

“ஆயுள் முழுக்க. வெளியே விட்டால் செத்துப்போகும்,” என்றார் அம்பலக்கூத்தன்.

“எனக்குப் பார்க்கத் தோன்றினால்?”

“சிறையில் இருப்பவரைச் சொந்தக்காரர்கள் போய்ப் பார்ப்பதில்லையா, அரசே? நீங்களும் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கம்மையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு.”