தாழைமடுவின் தெற்குத் துறை

தாழைமடு ஏரிக்கரைக் காட்டில் சடையன் என்றொரு கரடி வைத்தியம் பார்த்து வந்தார். யானைக்குக் கால் வீக்கம், குரங்குக்கு வயிற்றுப்போக்கு, முயலுக்குக் காதில் சீழ், எதுவானாலும் எல்லாரும் அவர் குகை வாசலில்தான் வந்து நிற்பார்கள். கைராசிக்காரர். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அந்தக் கார்த்திகையில் மழை ஓய்ந்த சமயம், புள்ளிமான்களுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்கள் மஞ்சளாயின. கால் நோகிறது, நடக்க முடியவில்லை என்று குட்டிகள் அழுதன. சடையன் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார். ஒன்று தேறினால் இரண்டு படுத்தன. பன்னிரண்டு குட்டிகள் செத்துப்போயின. வைத்தியருக்குத் தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

அப்போதுதான் ஆம்பல் ஊர் திரும்பினாள். அவள் அந்த ஏரியில் பிறந்த நீர்நாய். விலங்கு வைத்தியம் கற்றது போதாதென்று, கடலோரக் கழிமுகத்துக்கு மேற்படிப்புக்குப் போயிருந்தாள். அங்கே நாரைகள் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தன. ஆமைகள் மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தன. மீனவர் குப்பத்து நாய்கள் மனிதர்களின் நோய்களைச் சொல்லிக்கொடுத்தன.

"மூன்று வருஷமா படித்தாய்?" என்று சடையன் கேட்டார். "மானுக்கு மருந்து கொடுக்க மனுஷன் நோயைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?"

"எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, ஐயா" என்றாள் ஆம்பல்.

மறுநாள் ஆலமரத்தடியில் எல்லா விலங்குகளும் கூடின. நரி முந்திக்கொண்டது.

"எல்லாம் இந்த வௌவால்களால் வந்த வினை! தலைகீழாகத் தொங்குகிற கூட்டத்தை நம்பலாமா? மரத்தை உலுக்கி விரட்டுங்கள்!"

வௌவால்கள் போய்விட்டால் ஆலமரத்து நிழலில் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது நரியின் கணக்கு. யாருக்கும் அது தோன்றவில்லை. "விரட்டு! விரட்டு!" என்று கூச்சல் எழுந்தது.

"மூன்று நாள் பொறுங்கள்!" என்று ஆம்பல் குறுக்கே வந்து நின்றாள். "காரணம் தெரியாமல் யாரையும் விரட்டாதீர்கள். வைத்தியர் ஐயாவும் என்னோடு வரட்டும்."

சடையனுக்கு விருப்பமில்லை. ஆனாலும் போனார். வேறு வழியும் தெரியவில்லை.

முதல் நாள், ஆம்பல் ஒவ்வொரு மானிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "எங்கே தண்ணீர் குடித்தாய்?" படுத்த மான்கள் எல்லாம் தெற்குத் துறையைச் சொல்லின. மேலோடையில் குடித்த மான் ஒன்றுகூடப் படுக்கவில்லை.

இரண்டாம் நாள், ஊரோரத்துத் தொழுவத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே காரி என்ற எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, உன் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

காரியின் கண் கலங்கியது. "என் எசமானி செங்கமலம் நாலு நாளாகப் பாயைவிட்டு எழவில்லை. காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அப்படியே. நான் போன மாதம் கன்றை வயிற்றிலேயே இழந்தேன். எங்கள் மூவருக்கும் தெற்குத் துறைதான். அவர்கள் அங்கே கோரைப்புல் அறுப்பார்கள். நான் அங்கேதான் முங்கிக் கிடப்பேன்."

சடையன் திகைத்துப்போனார். அவர் தீர்க்க முடியாமல் தவித்த அதே நோய், ஒரு மனிதக் குடிசைக்குள்ளும் படுத்துக் கிடந்தது. ஒரு முறைகூட இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க அவருக்குத் தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் தெற்குத் துறைக்குப் போனார்கள். ஆம்பல் கோரைப்புல்லை விலக்கினாள். உள்ளே எலிகள்! பத்து இருபதல்ல, கரை முழுக்க எலிகள். நீந்தின, ஓடின, வளைக்குள் புகுந்தன.

"இவற்றின் மூத்திரம் தேங்கிய தண்ணீரில் கலக்கிறது, ஐயா. காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், நோய் உள்ளே போய்விடும். மனிதர்கள் இதை எலிக்காய்ச்சல் என்பார்கள்."

"அடேயப்பா!" என்றார் சடையன்.

"ஆனால் ஒன்று புரியவில்லை. நான் போகும்போது இங்கே இத்தனை எலிகள் இல்லை. இந்தக் கரையில் சாரைப்பாம்புகள் இருந்தனவே, அவை எங்கே?"

சடையனுக்கு அதற்குப் பதில் தெரியும். போன வருஷம் ஒரு விரியன் பாம்பு காட்டுப்பன்றியின் குட்டியைக் கடித்தது. அவரால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆத்திரத்தில், "இனி எந்தப் பாம்பும் இந்தக் காட்டில் இருக்கக்கூடாது!" என்று அவர்தான் உத்தரவு போட்டார். விஷமில்லாத சாரைகளையும் சேர்த்தே எல்லாரும் மலைக்குத் துரத்தினார்கள். அதற்காக அவரைப் பாராட்டவும் செய்தார்கள்.

பேசாமல் இருந்துவிடலாம். பழி வௌவால்கள் மேல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஒரு கணம் அவருக்கு அந்த ஆசையும் வந்தது.

"துரத்தியது நான்தான், அம்மா" என்றார் மெதுவாக.

அன்று மாலையே ஆலமரத்தடியில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். நரி சிரித்தது. "நல்ல வைத்தியர்! பன்னிரண்டு குட்டிகளைக் கொன்ற வைத்தியர்!"

குட்டியை இழந்த தாய்மான் ஒன்று முன்னால் வந்தது. "நீ சும்மா இரு, நரி! ஒரு பாவமும் அறியாத வௌவால்களை விரட்டச் சொன்னவன்தானே நீ?" பிறகு சடையனிடம் திரும்பியது. "என் குட்டியை உங்களால் திருப்பித் தர முடியாது. மிச்சக் குட்டிகளுக்காவது இப்போதே மலைக்கு நடங்கள், வைத்தியரே!"

சடையன் நடந்தார். பாறை இடுக்கில் நெடுமேனி என்ற சாரை தலை தூக்கியது.

"எங்கள் இனம் யாரைக் கடித்துக் கொன்றது? சொல்லும்!"

"யாரையும் இல்லை. விரியனையும் உங்களையும் பிரித்துப் பார்க்க அன்று எனக்குப் பொறுமை இல்லை. தப்பு என்னுடையது."

"இதை இங்கே தனியாகச் சொல்லி என்ன பயன்? உம் ஆட்கள் முன்னால் சொல்வீரா?"

"சொல்லிவிட்டுத்தான் வந்தேன்."

நெடுமேனி பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்தது. பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டது. "கிளம்புங்கள்! கரையில் வேலை இருக்கிறது."

அதற்குள் ஆம்பல், ஏரியில் குடித்த விலங்குகளை எல்லாம் மேலோடைக்குத் திருப்பிவிட்டிருந்தாள். படுத்தவற்றுக்கு, சடையன் பக்குவம் சொல்லிப்போன கீழாநெல்லியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நோயின் வேரை நான் தேடினேன். படுத்தவர்களுக்கு உங்கள் மருந்துதானே துணை?" என்றாள், மலையிலிருந்து திரும்பிய கரடியிடம்.

ஆம்பல் சொல்லி அனுப்பியபடி, ஊரில் காரியும் தன் பங்கைச் செய்தது. தெற்குத் துறைக்கு ஓட்டினால் வழியிலேயே படுத்துக்கொண்டது. அடித்தாலும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் சுகமாகித் திரும்பியிருந்த செங்கமலம் சந்தேகப்பட்டுக் கரைக்குப் போய்ப் பார்த்தாள். எலிகள் சிதறி ஓடுவதைக் கண்டாள். அன்றே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். யாரும் அந்தத் துறையில் கால் வைக்கவில்லை.

தை பிறப்பதற்குள் எலிகள் குறைந்தன. புதிதாக ஒரு மானும் படுக்கவில்லை.

ஒரு நாள் காலை, கிழக்கே ஒரு குளத்திலிருந்து கொக்கு ஒன்று பறந்து வந்தது. "எங்கள் பக்கம் வாத்துகள் கழுத்துத் தொங்கிச் சாகின்றன. ஆம்பல் வர முடியுமா?"

ஆம்பல் உடனே கிளம்பினாள். பின்னால் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. மூலிகை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சடையன் வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, நீங்களுமா?"

"மருந்து என்னிடம் இருக்கிறது. கேள்வி உன்னிடம் இருக்கிறது. நீ முன்னால் போ அம்மா, நான் பின்னால் வருகிறேன்!"

மனிதர், விலங்கு, தண்ணீர் என்று நோய் வேலி பார்ப்பதில்லை; ஆகவே அதைத் தீர்க்க வருகிறவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், தன் தவறையும் சேர்த்து.