கேப்டனின் ருஷ்யப் பெட்டி

கப்பல் கேப்டன் தில்லைநாயகம் எழுபது வயதில் வீடுவாசலைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, குற்றாலம் பக்கம் ஓர் ஆசிரமத்தில் வந்து சேர்ந்தார். அங்கே குரு வடிவாம்பாள். கேப்டனைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஆனாலும் எல்லாரையும் போலக் கேப்டனும் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு நாள் காலையில் கேட்டார்:

"எல்லாத்தையும் விட்டுட்டேன் அம்மா. மனசு மட்டும் அடங்க மாட்டேங்குது. ஏன்?"

"எல்லாத்தையுமா?"

கேப்டன் நெளிந்தார். பிறகு மடியிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்தார். வெள்ளிப் பெட்டி. மூடி நிறைய நீலமும் சிவப்புமாக எனாமல் பூக்கள்.

"ருஷ்யாவுல ராஜா காலத்துச் சாமான். நூறு வருஷத்துக்கு மேல ஆகுது."

"சிகரெட் பிடிப்பீங்களோ?"

"விட்டு இருபது வருஷமாச்சு."

"அப்ப என்கிட்ட கொடுங்க."

கொடுத்தார். கண் கலங்கினாலும், பெருமையாக இருந்தது.

மறுநாள் அடுப்படியில் பார்த்தால் பெட்டிக்குள் கல்லுப்பு.

"ஐயோ அம்மா! உப்பு வெள்ளியை அரிச்சிடும்!"

அம்மா உப்பைக் கொட்டிவிட்டுக் கிராம்பு போட்டுவைத்தார். அதற்கடுத்த நாள் புளி போட்டுத் துலக்கி வெயிலில் காயவைத்திருந்தார்.

"புளி படக் கூடாது! எனாமல் போயிடும்!"

கேப்டன் பாய்ந்து எடுத்து, வேட்டி நுனியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். நான்காம் நாள் தியானத்துக்குக்கூடப் போகவில்லை. பெட்டிமேல் ஒரு கண் வைத்தபடி அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாம் நாள் காய்கறி லாரி வந்தது. டிரைவர் மாடசாமியிடம் அம்மா பெட்டியை நீட்டினார்.

"வச்சுக்கோ."

மாடசாமி சட்டைப்பையிலிருந்த பீடிகளை எடுத்து உள்ளே அடுக்கி மூடினான். 'க்ளிக்' என்றது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

கேப்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்.

"தம்பி! மெல்லிசுத் துணியால துடை! கீழ போட்டுடாத! புளி மட்டும் வேண்டாம்!"

லாரி வளைவில் மறைந்தது. கேப்டன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து படியில் சரிந்தார்.

"அம்மா, அதுவும் போயிடுச்சு. இப்பவும் மனசு அடங்கலையே!"

அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பெட்டியைக் கொடுத்துட்டீங்க கேப்டன். காவல்காரர் வேலையை எப்ப ராஜினாமா பண்ணப் போறீங்க?"