கலிங்கில் கட்டிய சுவர்

கடல்முனை என்று ஒரு சின்ன நாடு இருந்தது. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் பெரிய பெரிய அரசர்கள். அந்த நாட்டை வேண்மாள் என்ற அரசி ஆண்டுவந்தாள். கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி. ஆனால் பொறுமை மட்டும் மருந்துக்குக்கூடக் கிடையாது.

அவளுடைய குரு இளம்பூதன் அவளைவிட வயதில் சின்னவர். "இந்தப் பையனிடமா அரசி பாடம் கேட்கிறாள்?" என்று அரண்மனையில் முணுமுணுப்பார்கள். அரசி காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, அடைமழை சற்று விட்டிருந்த நேரம். அரசி இரண்டு காவலர்களோடு குருவின் குடிலுக்கு வந்தாள். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"குருவே, நாளைக்குச் சபையைக் கலைக்கப் போகிறேன்."

"உட்காருங்கள் அம்மா. சபை என்ன செய்தது?"

"ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கோபம். ஒரு துறைமுகம் கட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காக அல்லாடுகிறேன். எல்லையில் பகைவன் நிற்கிறான், முதலில் கோட்டையைக் கட்டு என்கிறார் சேனாபதி. சுங்கத்தைக் குறைக்காவிட்டால் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவோம் என்று வணிகர்கள் மிரட்டுகிறார்கள். துறைமுகம் வரப்போவது எங்கள் உப்புப் பாத்தியில்தானே, எங்களையும் சபையில் உட்காரவைத்துக் கேள் என்று உப்பளத்து ஜனங்கள் மண்டப வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்களை உள்ளே விட்டால் பாதி சபை எழுந்து போய்விடுமாம்."

குரு ஒரு பழுத்த இலையைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

"இப்படி ஆளுக்கொரு பக்கம் நெருக்கினால் ஒரு நாடு எப்படிக் குருவே வளரும்? எல்லாரும் கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். நான் கட்டிக் காட்டுகிறேன்."

"அப்படிச் செய்ய முடியுமா?"

"ஏன் முடியாது? பெரிய ஏரியில் செய்து காட்டவில்லையா?"

பெரிய ஏரியின் சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் ஓரத்தில் ஒரு கலிங்கு உண்டு. அதன்மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். கற்களுக்கு நடுவே உள்ள கண்களில் வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து அடைத்தால் ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். எப்போது அடைப்பது என்பதில்தான் தகராறு. கீழூர்க்காரர்களுக்கு வயல் கரைக்குக் கீழே, அவர்கள் இன்றைக்கே அடை என்பார்கள். மேலூர்க்காரர்களுக்கு வயல் ஏரிக்கு உள்பக்கம், தண்ணீர் ஏறினால் பயிர் முழுகும். அவர்கள் வந்து அடைத்ததைப் பிடுங்குவார்கள். மழைக்காலம் முழுக்க இரண்டு ஊரும் கலிங்கிலேயே கிடந்து மல்லுக்கு நிற்கும். போன வருஷக் கோடையில் அரசிக்குப் பொறுக்கவில்லை. கொத்தனார்களை அனுப்பி, கற்களுக்கு நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரே சுவராக அடைத்துவிட்டாள். அந்த வருஷம் மழை பொய்த்ததால் சுவர் பாட்டுக்குக் காய்ந்துகொண்டு நின்றது.

"அதற்குப் பிறகு ஒரு வழக்கு வந்ததா? ஒருவன் மண்டை உடைந்ததா?" என்றாள் அரசி.

குரு கீரையை மூடிவைத்துவிட்டு எழுந்தார். "வாருங்கள், அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வரலாம்."

ஏரி கரை கொள்ளாமல் நிறைந்து கிடந்தது. காற்றுக்கு அலை எழும்பிக் கரையின் விளிம்பை நக்கியது. அரசிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தீர்களா? ஒரு சத்தம் இல்லை."

"ஆமாம். ஓர் ஆளும் இல்லை" என்றார் குரு.

ஆள் இல்லாமல் இல்லை. கலிங்குப் பக்கம் சடைச்சி என்ற மேலூர்க்காரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வயல் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. வந்திருப்பது அரசி என்று தெரிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"பயிர் முழுகிவிட்டதா?" என்று அரசி கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"முழுகி நாலு நாளாச்சு தாயி."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

"யாருகிட்டச் சொல்ல? முந்தியெல்லாம் கீழூரு இருளாண்டி இங்க நிப்பான். நான் பிடுங்குவேன், அவன் அடைப்பான். நான் திட்டுவேன், அவனும் திட்டுவான். எப்படியோ பாதிப் பயிரு மிஞ்சும். இப்ப சுவருகிட்டயா சண்டை போடச் சொல்றீங்க?"

அரசிக்கு முகம் கன்றிப்போனது. கரைமேல் விறுவிறுவென்று நடந்தாள். கோபம் வந்தாலும் வெட்கம் வந்தாலும் அவளுக்கு நடை ஒன்றுதான். கரையின் வெளிச்சரிவில் இறங்கியபோது, அவள் கால் கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது.

குனிந்து பார்த்தாள். கரையின் அடியில் ஒரு நண்டு வளை. அதிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. கலங்கலாக, மண்ணை அரித்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கீழூரின் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"கரை உடையப் போகிறது" என்றாள். "இதை ஒருவர்கூடப் பார்க்கவில்லையா?"

"இங்கே வருவதற்கு யாருக்கு வேலை இருக்கிறது அம்மா?" என்றார் குரு.

அரசி காவலர்கள் பக்கம் திரும்பினாள். "ஒருவன் கீழூருக்கு ஓடு, ஒருவன் மேலூருக்கு. மண்வெட்டி, கூடை, கடப்பாரை, கையில் கிடைத்ததோடு வரச் சொல். சுவரை இடிக்க வேண்டும். அரசியே சொன்னாள் என்று சொல்."

வந்தார்கள். முதல் கடப்பாரை விழுந்ததுமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"மூணு கண்ணு திறந்தாப் போதும்யா, இது எங்க சாப்பாடு" என்று இருளாண்டி கத்தினான்.

"உங்க சாப்பாடு எங்க தலைக்கு மேல நிக்குது. இன்னும் இடி" என்றாள் சடைச்சி. அவளே ஒரு கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மூணு கண்ணுலயே உன் வரப்பு வெளிய வந்துரும் பாரு. இதுக்கு மேல இடிச்சா உன்னைத் தூக்கி அதுல அடைச்சிருவேன்."

"அடைச்சுப் பாரு."

வாய் தன் பாட்டுக்குச் சண்டை போட, கைகள் வேலை செய்தன. மேலூர்க்காரர்கள் வெட்டிய களிமண் கூடை கூடையாகக் கீழூர்க்காரர்களின் கைகளில் மாறிக் கரைக்குப் போயிற்று. நண்டு வளையில் வைக்கோலைத் திணித்து மிதித்தார்கள். அரசியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடை வாங்கிக் கொடுத்தாள். "சீக்கிரம் கைமாத்து தாயி, பராக்குப் பார்க்காத" என்று யாரோ அவளையும் அதட்டினார்கள். இடித்த கண்களின் வழியே தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு ஓடையில் இறங்கியது.

பொழுது சாயும் நேரத்தில் சேற்றுக் கசிவு தெளிந்து, மெலிந்து, நின்றுபோனது. ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது. சடைச்சியின் வயலில் நாற்றின் தலைகள் வெளியே வந்திருந்தன. மஞ்சள் பாய்ந்திருந்தாலும் உயிர் இருந்தது. அவள் வரப்பில் இறங்கி ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். கலிங்கின் மேல் இரண்டு ஊர்க்காரர்களும், எந்தெந்தக் கண்ணை எப்போது அடைப்பது என்று மறுபடியும் கையை நீட்டிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அரசி சேறும் சகதியுமாகக் கரையில் உட்கார்ந்தாள்.

"ஓர் ஊரையே கொன்றிருப்பேன் குருவே."

குரு தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி வருஷா வருஷம் இதே கூச்சல்தானா?"

"இதே கூச்சல்தான்."

"எதுவும் சீக்கிரம் நடக்காது."

"நடக்காது. கரை இருக்கும்."

கலிங்கில் சத்தம் ஏறி இறங்கியது. யாரோ எதற்கோ சிரித்தார்கள். நாளைக் காலை சபை கூடும். உள்ளே சேனாபதியும் வணிகர்களும் இருப்பார்கள். வெளியே உப்பளத்து ஜனங்கள் மழையில் நிற்பார்கள். அரசி குருவின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குச் சபையில் நான் என்ன சொல்லட்டும்?"

குரு எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"சொல்வதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் அம்மா. எல்லாரும் உட்கார மண்டபத்தில் இடம் பத்தாது. இன்றைக்கே ஆள் அனுப்பி, முன்னால் ஒரு பந்தல் போடச் சொல்லுங்கள்."