முதலில் சாப்பிடுகிறவள்

"மிஸ், அந்தக் கட்டுரையை வேற யாராவது வாசிக்கட்டும்," என்றாள் சங்கரேஸ்வரி.

"சரி," என்றார் எழிலரசி மிஸ்.

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார் என்று நம்பி, தொண்டை வலி, காய்ச்சல், மாமா வீட்டு விசேஷம் என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தாள் பெண். மூன்றும் வீணாய்ப் போயின.

விஷயம் இதுதான். மில்லுகள் நிறைந்த ஊர் அது. அங்கே அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்க வந்தவர் எழிலரசி. வயது இருபத்தெட்டு. அதட்டத் தெரியாது, பேச்சும் குறைவு. திங்கட்கிழமைதோறும் ஒரு கதையை நகலெடுத்துக் கொடுப்பார். "படிச்சப்ப உனக்குள்ள என்ன நடந்துச்சோ, அதை ஒரு பக்கம் எழுது," என்பார். அதற்கென்றே ஆளுக்கொரு நோட்டுப் போட்டிருந்தார்கள்.

சென்ற வாரக் கதையில் ஒரு தாய் தன் பங்குச் சோற்றையும் பிள்ளைக்கு வைத்துவிட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

சங்கரேஸ்வரி எழுதினாள்: 'மில்லில் உழைக்கும் என் தாயும் அப்படித்தான். மெழுகாய் உருகி எனக்கு ஒளி தருகிறாள். எங்களை உண்ண வைத்துவிட்டு அவள் பட்டினி கிடக்கிறாள். அவள் பசியில்தான் என் வயிறு நிறைகிறது.'

நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த தலைமையாசிரியர், இந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதை வாசித்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வேலுத்தாய் வருவாள். அங்கேதான் இடித்தது.

ஏனென்றால் வேலுத்தாய் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்து மகள் பார்த்ததில்லை. குழம்பு இறக்கியதும் முதல் தட்டு அவளுக்குத்தான். புருஷனுக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மீன் எடுத்த அன்றைக்கு நடுத்துண்டும் அவளுக்குத்தான்.

"எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டு அறுந்த நூலை ஒட்டுறவ நான். காஞ்ச வயித்தோட நிக்க முடியுமா?" என்பாள்.

தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சங்கரேஸ்வரிக்கு அது சின்ன வயதிலிருந்தே வெட்கம்.

புதன்கிழமை மறுபடியும் மிஸ் முன்னால் போய் நின்றாள்.

"வாசிக்கும்போது என் பேரைச் சொல்ல வேண்டாம் மிஸ்."

"சரி."

"மில்லுங்கிற வார்த்தையை எடுத்துடட்டுமா?"

"எடு."

அந்த வார்த்தையை அவளே அடித்தாள். அடித்தது தெரியாதபடி வேறு தாளில் குண்டு குண்டான எழுத்தில் எடுத்தெழுதிக் கொடுத்தாள்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பிறகென்ன, நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இருப்புக் கொள்ளவில்லை. கணக்கு வகுப்பில் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போனாள். ராத்திரிச் சோறு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்து அம்மா ரசத்தை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை மாலை, வண்டி நிறுத்துமிடத்தில் மிஸ்ஸை வழிமறித்தாள்.

"நீங்க எதுவுமே கேக்க மாட்டீங்களா மிஸ்?"

"கேட்டா சொல்லுவியா?"

சங்கரேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"எங்கம்மா பட்டினியெல்லாம் கிடக்க மாட்டாங்க மிஸ். முதல்ல சாப்பிட்டுருவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம்னா?"

"அவங்க சாப்பிட்டப்புறம் என்ன நடக்கும்?"

"நாங்க சாப்பிடுவோம்."

"வயிறு நிறையுமா?"

"நிறையும் மிஸ்."

"உங்க வீட்டுல யாருதான் பட்டினி?"

யோசித்துப் பார்த்தாள். "யாருமில்ல."

மிஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"அம்மான்னா அப்படித்தானே மிஸ் எழுதணும்?" என்றாள். "எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க? எங்கம்மா சாப்பிடறதை எழுதினா அவங்களைக் கேவலமா நினைப்பாங்க."

"யாரு?"



"அதை வாசிக்கவே வேண்டாம் மிஸ்."

"அது நீ எழுதின பக்கம். நீ போய் ஹெச்.எம். கிட்டச் சொல்லு."

போனாள். போகாமல் இல்லை. கதவருகே போய் நின்றதுமே தலைமையாசிரியர், "வாம்மா, உன் கட்டுரையை மாவட்டப் போட்டிக்கே அனுப்பலாம்னு இருக்கேன்," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பாவி மகள், "தேங்க்யூ சார்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை.

கூட்டம் இரண்டரை மணிக்கு. வேலுத்தாய்க்கு அந்த வாரம் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு விட்டதும் நேரே வந்துவிட்டாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

"என்னம்மா இது?"

"புரோட்டா. கூட்டம் முடிஞ்சதும் திங்கணும். பசி உயிர் போகுது," என்று சொல்லிவிட்டு, மகளை இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியர் எழுந்தார். "பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தர் தன்னோட அம்மாவைப் பத்தி எழுதினது. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

ஜெனிபர் வாசித்தாள். வகுப்பிலேயே நல்ல குரல் அவளுக்கு. சும்மா 'உள்ளேன் மிஸ்' சொன்னாலே பாட்டு மாதிரி இருக்கும். பட்டினி என்ற இடத்தில் அவள் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி வாசித்தாள். முன்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

சங்கரேஸ்வரி நகத்தால் நாற்காலியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. பிறகு பார்த்தாள்.

வேலுத்தாய் அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு வீட்டுப் பிள்ளைடி இது?" என்று காதோடு கேட்டாள்.

"தெரியலம்மா."

"அந்தப் பொம்பளைக்கு யாருமே இல்லையா? ஒருத்தர்கூடவா சாப்டியான்னு கேக்கல?"

கைதட்டல் அடங்கியதும் தலைமையாசிரியர், "அந்தத் தாய் இந்தக் கூட்டத்துலதான் எங்கேயோ உக்காந்திருக்காங்க," என்றார். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வேலுத்தாயும் கழுத்தை நீட்டி, ஒவ்வொரு முகமாகத் தேடினாள். மெலிந்த முகங்களில் அவள் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது.

கூட்டம் கலைந்தது. வேலுத்தாய் பொட்டலத்தை மகள் கையில் திணித்தாள்.

"உங்க மிஸ்ஸுக்கு அந்தம்மா யாருன்னு தெரியும்ல? கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லு. யாரு குடுத்ததுன்னு சொல்ல வேண்டாம், கூச்சப்படுவா."

"நீ இன்னும் சாப்பிடலையேம்மா."

"நான் வீட்டுக்குப் போனா திம்பேன். அவ வீட்டுக்குப் போனா யாரு போடுவா? போடி, சீக்கிரம்."

சங்கரேஸ்வரி நடந்தாள். பத்தடி தூரம்தான். பேசாமல் பொட்டலத்தை எங்கேயாவது வைத்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மிஸ் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இது... அந்த அம்மாவுக்காம் மிஸ். எங்கம்மா குடுத்துவிட்டாங்க."

எழிலரசி பொட்டலத்தை வாங்கவில்லை. மேலே விரலை வைத்துப் பார்த்தார்.

"சூடு இருக்கே."

"இருக்கு மிஸ்."

"ஆறிடறதுக்குள்ள கொண்டுபோய்க் குடு."

அவ்வளவுதான். அடுத்த நாற்காலியைத் தூக்கினார்.

சங்கரேஸ்வரி நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பினாள்.

"குடுத்துட்டியா?" என்றாள் வேலுத்தாய்.

"இல்லம்மா."

"ஏன், வாங்க மாட்டேன்னுட்டாளா? ரோசக்காரியா இருப்பா போல."

"அம்மா, அதை எழுதினது நான்."

வேலுத்தாய்க்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தில் மிச்சமிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட அந்தப் பெண்ணுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

"அப்ப அந்தம்மா நானா?"

"ஆமா."

"நான் பட்டினி கிடந்தேனா?"

சங்கரேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைக்குடி?"

"சாப்பிடற அம்மாவை எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலம்மா," என்றாள். சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வேலுத்தாய் கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கி, மடியில் வைத்து, நூலைப் பிரித்தாள்.

"உக்காரு," என்றாள். "நல்லாப் பாத்துக்கோ."

முதல் துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.