எட்டு நாழிகையில் தொன்மங்கலம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அந்த நாட்டை வீரபூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர், கொடுக்கிற கை. ஒரே ஒரு குறை, நாலு பேர் கூடிவிட்டால் அவருக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிடும்.

அப்படி நீண்ட ஒரு நாளில்தான் வம்பு பிறந்தது. பக்கத்து நாட்டு இளவரசனுக்கு மகளை நிச்சயம் செய்த அன்று, விருந்து முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி அரசர் தொன்மங்கலத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். தொன்மங்கலம் நம் அரசரின் நாட்டிலுள்ள பழம்பெரும் நகரம், அவருடைய முன்னோர்களின் தலைநகரம். "தொன்மங்கலமா? அங்கே எனக்குத் தெரியாத கல் ஒன்றுகூடக் கிடையாது!" என்று அரசர் மீசையைத் தடவினார். அவர் அந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை. பக்கத்தில்தானே இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்தே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சம்பந்தியிடமிருந்து ஓலை வந்தது. 'அம்மன் திருவிழாவின் கடைசி நாளில் வருகிறேன். மறுநாள் தொன்மங்கலத்தை நீங்களே கைபிடித்துச் சுற்றிக் காட்ட வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

அரசருக்கு வேர்த்துவிட்டது. சம்பந்தி வருவதற்குள் ஊரைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தலைநகரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. முதல் காப்பு அரசரின் கையில்தான். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. அதோடு காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் அரசர் அம்மன் சந்நிதியில் நிற்க வேண்டும். இரண்டு பூசைக்கும் நடுவில் குதிரையில் போய்வரும் நேரத்தைக் கழித்தால், தொன்மங்கலத்தில் நிற்கக் கிடைப்பது எட்டு நாழிகை. இந்தக் காலக் கணக்கில் மூன்று மணி நேரமும் சொச்சமும்.

சபையைக் கூட்டி அரசர் விஷயத்தைச் சொன்னார். அந்தச் சபையில் ஆவுடையான் என்று ஒரு விகடன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். அரசர் அவனிடம் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் பிரதானி அனந்தப்பருக்கும் சபை வித்துவான் மகுடேசருக்கும் கண்ணை உறுத்தியது.

"அரசே, தொன்மங்கலத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் அறுபத்து நான்கு என்பது ஏட்டில் உள்ள கணக்கு. ஒன்று குறைந்தாலும் அந்நகரைக் கண்டதாகாது. எட்டு நாழிகையில் இது நடவாத காரியம்" என்றார் மகுடேசர்.

ஆவுடையானுக்கு நாக்கில் சனி. "எட்டு எதற்கு? ஐந்தே போதுமே!" என்று சொல்லிவிட்டான். வழக்கம்போல விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அரசர் சிரிக்கவில்லை. மூழ்குகிறவன் கையில் துரும்பு கிடைத்தாற்போல அவன் முகத்தைப் பார்த்தார்.

அனந்தப்பர் பிடித்துக்கொண்டார். "அரசே, பயண ஏற்பாட்டை ஆவுடையானிடமே ஒப்படைக்கலாம். தாங்கள் அறுபத்து நான்கு இடங்களையும் அவசரமின்றிக் காண வேண்டும், மாலைப் பூசைக்குத் திரும்ப வேண்டும். தவறினால், அரச காரியத்தில் விளையாடியவன் இந்நாட்டில் இருப்பது முறையாகாது."

"தவறினால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும். நாளை மறுநாள் பயணம்" என்று அரசர் எழுந்துவிட்டார். சம்பந்தி வரும் கவலையில் இருந்தவருக்கு, தான் என்ன சொன்னோம் என்பதே சரியாக உறைக்கவில்லை. ஆவுடையானுக்கு நன்றாக உறைத்தது.

மகுடேசர் கொடுத்த பட்டியல் ஓலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் கட்டிலில் குப்புற விழுந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. நாடு விட்டு நாடு போனால் அங்கே யாரைச் சிரிக்க வைப்பது? சோறாவது கேட்டு வாங்கலாம், சிரிப்பைக் கேட்டா வாங்க முடியும்? அவன் மனைவி சிட்டம்மாள் தொன்மங்கலத்தில் பிறந்தவள். நடந்ததைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா வாயக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. பதினெட்டு வருசம் அந்த ஊர்ல வளந்தவ நான். நானே இதுல பாதியக் கண்டதில்ல."

"பாதியக் கூடப் பாக்காம அதை எப்படி உன் ஊருன்னு சொல்ற?"

"எல்லாத்தையும் நடந்து போய்ப் பாத்தாத்தான் ஊரா? எங்க பெரியப்பாவுக்குக் காலு வராது. பத்து வருசம் வாசப்படியத் தாண்டல. ஆனா சாமி கும்பிடாம ஒரு வருசமும் இருந்ததில்ல."

"அது எப்படி?"

"இதென்ன கேள்வி? கோயிலுக்கு வர முடியாதவங்களுக்காகத்தான திருவிழாவுல சாமி வீதிக்கு வருது! எங்க வாசல்ல நின்னு, ஆரத்தி வாங்கிட்டுத்தான் போகும்."

ஆவுடையான் மெல்லப் புரண்டு படுத்தான். பிறகு எழுந்து உட்கார்ந்தான். பிறகு சிட்டம்மாளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். "விடுங்க, பக்கத்து வீட்ல பாக்குறாங்க" என்று அவள் கத்தினாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே இருவரும் வண்டி கட்டிக்கொண்டு தொன்மங்கலம் போனார்கள். சிட்டம்மாளுக்கு அந்த ஊரில் பாதிப் பேர் அத்தை, மீதிப் பேர் சித்தி. அவள் தெருத் தெருவாகப் போய் என்ன பேசினாள் என்று ஆவுடையானுக்கே முழுதாகத் தெரியாது. பட்டியலில் இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் யார் பொறுப்பு என்று அவன் விசாரித்துக் குறித்துக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் தலைநகருக்குத் திரும்பிவிட்டார்கள்.

பயண நாள் வந்தது. காலைப் பூசை முடிந்ததும் அரசர் குதிரை ஏறினார். அனந்தப்பரும் மகுடேசரும் கூடவே வந்தார்கள். ஆவுடையான் தோற்பதைக் கண்ணால் பார்க்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

தொன்மங்கலத்தில் நாலு பெரிய வீதிகளும் கூடும் இடத்தில் ஒரு கல் மண்டபம் இருந்தது. ஆவுடையான் அரசரை நேரே அங்கே அழைத்துப்போய், விரித்திருந்த சமுக்காளத்தில் உட்காரச் சொன்னான். பனை விசிறியும் ஒரு செம்பு நீர்மோரும் பக்கத்தில் வைத்தான்.

"ஆவுடையா, உட்கார நேரமேது? முதல் இடம் எங்கே?" என்றார் அரசர்.

"வருகிறது, அரசே."

மேளம் கேட்டது. கிழக்கு வீதியிலிருந்து முதலில் ஒரு கிழவர் வந்தார். அவர் தோளில் முழ நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி. "கெழக்குக் கோட்ட வாசல் மகாராசா, கும்பிடுறேன். கதவச் சாத்தி நூறு வருசம் ஆகுது. ஆனா தெனமும் சாவிக்கு எண்ண போட்டுத்தான் வச்சிருக்கோம். எப்ப எதிரி வருவான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அவருக்குப் பின்னால் பச்சைக் குளத்துத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு மூன்று பெண்கள் வந்தார்கள். அரசர் ஒரு கை அள்ளிக் குடித்தார். யானை மண்டபத்திலிருந்து யானையின் கழுத்து மணியோடு பாகன் வந்தான். யானை எங்கே என்று அரசர் கேட்டார். "அது செத்துப் பதினாறு வருசம் மகாராசா. மணிச் சத்தம் கேட்டா இன்னமும் தெருவுல புள்ளைங்க ஒதுங்கி நிக்குதுங்க" என்றான். வளையல்காரத் தெரு ஓர் ஆளை மட்டும் அனுப்பவில்லை. தெருவே கிளம்பி வந்துவிட்டது.

மகுடேசர் குதித்து முன்னால் வந்தார். "அரசே, இது மோசடி! தாங்கள் இடங்களைக் காண வந்தீர்கள். உட்கார்ந்த இடத்தில் வருவோரைக் காண்பது நகரைக் கண்டதாகுமா?"

ஆவுடையான் பணிவாகக் கை கட்டினான். "வித்துவான் அவர்களே, நம் அம்மன் தேரில் வீதிக்கு வருகையில், வாசலில் நின்று கும்பிடுகிறவருக்குத் தரிசனம் கிடைத்ததா, இல்லையா? சந்நிதிக்குள் போகாததால் அவர் அம்மனைக் காணவில்லை என்பீர்களா? அரசர் கையில் அம்மன் காப்பு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே தாங்கள் சொல்லுங்கள்."

மகுடேசர் காப்பைப் பார்த்தார். அரசரைப் பார்த்தார். 'கிடைத்தது' என்றால் ஆவுடையான் செய்தது சரி. 'கிடைக்கவில்லை' என்றால் ஊர் மக்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். மென்று விழுங்கி, "தரிசனம்தான்" என்று முனகிவிட்டுத் தூணோரமாகப் போய் நின்றார். அங்கிருந்தபடியே, வருகிற ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு கீறல் போட ஆரம்பித்தார்.

அரசரோ நேரம் போவதையே மறந்துவிட்டார். உப்புச் சாவடிக்காரர்களோடு வியாபாரம் பேசினார். நெற்களஞ்சியத்துக் காவல்காரன் எலிகளைத் திட்டிய திட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரட்டைப் பிள்ளையார் கோயில் பூசாரியிடம் இரண்டு பிள்ளையாரில் மூத்தவர் யார் என்று கேட்டு, அரை நாழிகைச் சண்டையை மூட்டிவிட்டார்.

ஐந்து நாழிகை ஆனதும் மேளம் ஓய்ந்தது. மகுடேசர் கீறல்களை எண்ணினார். இன்னொரு முறையும் எண்ணினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அரசே, வந்தவை ஐம்பத்து மூன்று! பதினோரு இடங்களைக் காணோம்!"

"ஆவுடையான் தோற்றான்" என்று அனந்தப்பர் உரக்கச் சொன்னார்.

கூட்டத்தில் நின்ற சிட்டம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அரசருக்கும் முகம் வாடிவிட்டது. இப்போதுதான், சொன்ன தண்டனை அவருக்கு உண்மையில் உறைத்தது.

"உண்மைதான், அரசே. அந்தப் பதினொன்றையும் நான் எவ்வளவோ தேடினேன், என் அறிவுக்கு எட்டவில்லை" என்றான் ஆவுடையான். "இன்னும் மூன்று நாழிகை மீதி இருக்கிறது. பட்டியல் எழுதிய வித்துவானே தங்களை அங்கே அழைத்துப்போகட்டும். இருபத்தோராவது இடம், மேகம் தொடும் மாடம். எந்தப் பக்கம் போக வேண்டும், வித்துவான் அவர்களே?"

மகுடேசர் வடக்கே கையை நீட்டினார். பிறகு சந்தேகம் வந்து மேற்கே திருப்பினார். சாவிக் கிழவருக்குப் பொறுக்கவில்லை.

"மேகம் தொடுற மாடமா? அது எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலயே இடி விழுந்து போச்சுங்களே! அந்த எடத்துல இப்ப எள்ளு வெதச்சிருக்கு."

"சரி, நாற்பதாவது. ஆனந்த ஓடை?" என்றான் ஆவுடையான்.

"அது தூந்து போயி எத்தினி காலம்! அதுக்கு மேலதான் இந்த மண்டவத்தயே கட்டினாங்க. மகாராசா குந்தியிருக்கிறதே ஓட மேலதான்."

அரசர் தன்னையறியாமல் சமுக்காளத்தைத் தூக்கிக் கீழே பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இடியாத ஒன்றும் தூராத ஒன்றும் அந்தப் பதினொன்றில் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துபோனது.

"வித்துவானே, நீர் இந்த ஊருக்கு எத்தனை முறை வந்திருக்கிறீர்?" என்று அரசர் கேட்டார்.

மகுடேசர் தலையைக் குனிந்தார். "ஏட்டில் பல முறை வந்திருக்கிறேன், பிரபு. காலால் வந்தது... இன்றுதான்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்! அரசர் ஓஹோவென்று சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் பாதியில் நின்றது. பார்க்காத ஊரைத் தெரிந்ததுபோலப் பேசியது மகுடேசர் மட்டுமா? மீசையைத் தடவிக்கொண்டு சம்பந்தியிடம் அளந்தது யார்? அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆவுடையான் அதைப் பார்த்துவிட்டான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. விகடனுக்கும் எப்போது பேசக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"மீதி மூன்று நாழிகைக்கு என்ன ஏற்பாடு, ஆவுடையா?" என்று அரசர் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏற்பாடே இல்லை, அரசே. பட்டியலும் இல்லை. தங்களுக்குப் பிடித்த தெருவில் நடக்கலாம்."

அரசர் செருப்பை மாட்டிக்கொண்டு வளையல்காரத் தெருவுக்குள் நுழைந்தார். மகளின் கைக்குப் பச்சை வளையலா சிவப்பு வளையலா என்று முடிவு செய்வதற்கே ஒரு நாழிகை ஆனது. ஒரு வீட்டில் சூடாகப் பணியாரம் கொடுத்தார்கள், நின்றுகொண்டே தின்றார். குதிரை ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாலைப் பூசைக்கு மணி அடித்தபோது அவர் அம்மன் சந்நிதியில் நின்றார்.

பூசை முடிந்ததும் தன் கைப்படவே சம்பந்திக்கு ஓலை எழுதினார். 'அன்று நான் அளந்தது பொய். தொன்மங்கலத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அதுவும் எட்டு நாழிகை. பார்க்காதது நிறைய இருக்கிறது. வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.' ஓலையை அனுப்பிவிட்டு இரண்டு நாள் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நிச்சயித்த கல்யாணம் இதனால் கெட்டுவிடுமோ என்று உள்ளூர நடுங்கினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. சபையில் எல்லோர் முன்னும் அதைப் படிக்கச் சொன்னார்.

'சம்பந்தி, என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள்! எங்கள் நாட்டில் ஆழிக்கோட்டை என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. திருமணத்துக்கு வரும்போது அதைச் சுற்றிக் காட்டச் சொல்வீர்களோ என்று நிச்சயதார்த்த நாளிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். நானும் அதைப் பார்த்ததில்லை.'

அன்று அரசர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆவுடையா, நீ நாட்டை விட்டுப் போகத்தான் வேண்டும்" என்றார்.

 அனந்தப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் பல்லக்கில் போக வேண்டும். உன் மனைவியையும் அழைத்துப்போக வேண்டும்" என்று அரசர் தொடர்ந்தார். "என் தூதனாகச் சம்பந்தியின் நாட்டுக்குப் போய், ஆழிக்கோட்டையில் எங்கள் இருவருக்கும் ஒரு மண்டபமும் சமுக்காளமும் நீர்மோரும் ஏற்பாடு செய்ய வேண்டும். வேலை முடிந்த மறுநாளே திரும்பிவிட வேண்டும். நீ இல்லாமல் இந்தச் சபையில் எனக்குப் பொழுது போகாது."

அதைச் சொல்லிவிட்டுத் தன் முத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டார். பல்லக்குக்கு முன்னால் நடந்துபோய் எல்லை வரை வழியனுப்பி வைக்கும் மரியாதை பிரதானி அனந்தப்பருக்குக் கிடைத்தது. நல்ல வெயில் நாள்.