புளோரா பூசின சுவர்

ஒரு ஊர்ல ஒரு கடல். கரை மேலேயே ஒரு ஓட்டல் கட்டினா புளோரா, கப்பல்ல வர்றவங்க தங்குறதுக்கு. யானை உசரத்துக்குத் தூண். தூணுக்குத் தூண் வளைவு. காத்து வர ஆளுயர ஜன்னல். எல்லாம் ஆச்சு, சுவர்ப் பூச்சு மட்டும் பாக்கி. ம் சொல்லு. சொல்லலைன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்.

ம்.

அவ அண்ணன் சந்தியாகு, கருவாட்டு வியாபாரி. இடம் ரெண்டு பேருக்கும் பொது. "ஏ புளோரா, கப்பல் வர்றதுக்குள்ள பூசி முடி. முடிக்கலை, இது என் கருவாட்டுக் கொட்டகை"ன்னுட்டான். "சரிண்ணே"ன்னுட்டா.

மணல் காலடியிலேயே கிடக்கு, ஆத்துக்கு எவன் போவான்னு கடல் மணலையே சுண்ணாம்புல குழைச்சுப் பூசினா. காஞ்சுது. அப்புறம்? வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து, பொலபொலபொலன்னு மொத்தமும் தரையில.

அண்ணன் சிரிச்சான். "கருவாட்டுக்கு உப்பு ரெடி!"

அப்புறம் ஆத்து மணல் வந்துச்சு. கொத்தனார், "பூச்சு இறுக வெல்லத் தண்ணி கொஞ்சம் விடுங்கம்மா"ன்னார். கொஞ்சத்துக்கே இறுகும்னா நிறைய விட்டா? பானையோட கவுத்துட்டா. ஊர் ஆடு பூரா வந்துடுச்சு. சளப் சளப் சளப். செங்கல் தெரியிற வரைக்கும் நக்குச்சு.

"ஆட்டுக்கா தங்கச்சி ஓட்டல்?"

அப்போ, கப்பல் பக்கத்து ஊருக்கு வந்தாச்சுன்னு சேதி. புளோரா ஓடினா. "இந்தத் தடவை நீங்க சொல்ற அளவுதான்"னு கொத்தனாரைக் கும்பிட்டா. அவர் முட்டை கேட்டார். ஊர்க் கோழியெல்லாம் கெக்கெக்கே! வெள்ளைக்கருவைச் சுண்ணாம்புல அடிச்சுப் பூசி, கூழாங்கல்லால சர்ரு சர்ருன்னு தேய்ச்சாங்க.

மஞ்சக்கரு?

தின்னாங்க. பின்னே, பல்லா தேய்ப்பாங்க? கேளு. சுவர் பளபளன்னு ஆயிடுச்சு. எதிர்ல நின்னா ஆளு அப்படியே தெரியும்.

கப்பல் வந்த அன்னைக்கு, கொட்டகை போட சந்தியாகு விறுவிறுன்னு நுழைஞ்சான். தலையில கருவாட்டுக் கூடை. பாத்தா, எதிர்ல ஒருத்தன். அவன் தலையிலயும் கூடை!

"யாரு புளோரா இவன்?"

புளோரா உதட்டைக் கடிச்சுக்கிட்டா. "புது வியாபாரிண்ணே. ஓட்டலுக்குக் கருவாடு மலிவாத் தர்றாராம்."

"நான் அதைவிட மலிவாத் தர்றேன்!"

"அவர் சும்மாவே தர்றேங்கிறாரு."

சந்தியாகு முறைச்சான். அவனும் முறைச்சான். மீசையை முறுக்கினான். அவனும்தான்.

"நான் சும்மாவும் தந்து, சமையக்கட்டு வரைக்கும் சுமந்தும் தர்றேன்! அவனைத் துரத்து!"

"தினமுமாண்ணே?"

"மாதா மேல சத்தியம்!"

கொட்டகை மறந்தே போச்சு. கூடையோட சமையக்கட்டுப் பக்கம் திரும்பினான். ஓரக்கண்ணால ஒரு பார்வை பாத்தான். அந்தப் பயலும் திரும்பிப் போயிட்டிருந்தான்.

"ஓடுறான் பாரு!"ன்னு இவனுக்கு ஒரே சந்தோஷம்.

அதுக்குள்ள கப்பல்காரங்க எல்லா அறையிலயும் பெட்டியை இறக்கிட்டாங்க. தொம், தொம், தொம்.

அவ்வளவுதான். கதை காஞ்சு இறுகிடுச்சு. கண்ணை மூடு.